16எஸ் முடிவு 98.1 சதவீதம் வந்தால் அது புதிய பாக்டீரியாவா?

கேள்வி: புராஜெக்டுக்காக மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியாவின் 16எஸ் மரபணு (பாக்டீரியாக்களை இனம் காண ஒப்பிடும் மரபணு), தெரிந்த சிற்றினங்களோடு 98.1 சதவீதம்தான் ஒத்துப்போகிறது. புதிய சிற்றினம் என்று எழுதலாமா?

இப்போதே எழுதிவிடாதீர்கள். இதே இடத்தில் நானும் அவசரப்பட்டேன்.

திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில், மழை பெய்த மறுநாள் ஒரு பனை மூட்டில் மண் எடுத்தேன். ஒரு கிராமை உப்புநீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்கவைத்து அகார் தட்டுகளில் பரப்பினேன். ஆறாம் நாள் ஒரு தட்டின் ஓரத்தில் கடுகளவு காலனி. மேலே சுண்ணாம்பு தூவின மாதிரி வெள்ளைப் பொடி. மூடியைத் திறந்ததும் தேரியில் அன்று அடித்த அதே மழை வாசனை! ஸ்ட்ரெப்டோமைசிஸாக இருக்கும் என்று அப்போதே தோன்றியது. மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினை அந்தப் பேரினம் நிறையவே உண்டாக்கும்.

16எஸ் முடிவு 98.2 வந்தது. ஊர்ப் பெயரோடு ‘என்சிஸ்’ சேர்த்துப் பெயர்கூட யோசித்துவிட்டேன். அப்புறம் லேபில் இருந்த அக்கா ஒருவர், "கிராஃபைத் திறந்து பார்த்தியா?" என்று கேட்டார். மரபணுவின் ஒவ்வொரு எழுத்தும் ஓர் உச்சியாகத் தெரியும் வரைபடம் அது. திறந்தால், நடுவில் உச்சிகள் தனித்தனியாகத் தெளிவாக நிற்கின்றன. இரண்டு முனைகளிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அங்கே மென்பொருள் ஊகித்துப் போட்ட எழுத்துகள் எல்லாம் ‘வித்தியாசம்’ என்று கணக்காகியிருந்தன. முனைகளை வெட்டி, முன்னும் பின்னுமாகப் படித்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது 99.6. சுமார் 1400 எழுத்தில் 25 வித்தியாசம் என்று நினைத்தது ஆறாகக் குறைந்தது.

சரி, 98.7க்குக் கீழே என்றால் புதிது என்கிறார்களே? அது வாசல்தான். கீழே இருந்தால் தொடர்ந்து பார்க்கலாம். மேலே இருந்தாலும் பழையது என்று தள்ளிவிட முடியாது. ஸ்ட்ரெப்டோமைசிஸில் 99க்கு மேல் ஒத்துப்போகிற தனித்தனிச் சிற்றினங்கள் உண்டு. முடிவு சொல்வது முழு ஜீனோம், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பு. நெருங்கிய சிற்றினத்தின் வகைத் திரிபோடு, அதாவது அந்தப் பெயருக்கே ஆதாரமாக வைத்திருக்கும் திரிபோடு (ஸ்ட்ரெயின்), ஏஎன்ஐ மதிப்பு (இரண்டு ஜீனோம்களின் எழுத்துகள் சராசரியாக எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது) 95–96 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். டிஜிட்டல் டிடிஹெச் (இரண்டு டிஎன்ஏக்களின் நெருக்கத்தைக் கணினியில் கணக்கிடும் இன்னொரு அளவு) 70 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். மரபணுவைப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்டில் முதலில் வரும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். அதில் தவறான பெயரோடு ஏற்றியவையும் கிடக்கும். ஈஸிபயோகிளவுட் என்ற இணையத் தரவுத்தளத்தில் வகைத் திரிபுகளோடு ஒப்பிடலாம்.

அப்புறம் வகைத் திரிபை வரவழைத்து, உங்களுடையதோடு ஒரே ஊடகத்தில், ஒரே நாளில் வளர்க்க வேண்டும். கொழுப்பு அமிலம், உப்புத் தாங்கும் அளவு, வெப்பநிலை எல்லாம் அருகருகே பார்த்தால்தான் பொருள். கடைசியில் உங்கள் திரிபை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் வைக்க வேண்டும். நம் நாட்டில் சண்டிகரில் எம்டிசிசி என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் விதிகளைப் பாருங்கள்.

என் காலனி கடைசியில் ஏற்கெனவே தெரிந்த சிற்றினம்தான். ஆனாலும் அதன் கிளிசரால் ஸ்டாக்கை (கிளிசராலில் கலந்து உறைய வைத்த மாதிரியை) இன்னும் −80 டிகிரி செல்சியஸில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்களும் இன்றே வைத்துவிடுங்கள். உங்கள் 98.1 எத்தனை எழுத்து நீளத்துக்கு வந்தது, இரண்டு பக்கமும் படித்தீர்களா என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.