வாசகர் கேள்விகள்: தலைப்புச் செய்திக்கு முன்னால் காமிக்ஸ்

கேள்வி: எனக்கு 63 வயது. காலையில் பேப்பர் வந்ததும் முதலில் காமிக்ஸ் பக்கத்தைத்தான் பிரிப்பேன், மற்றதெல்லாம் அப்புறம்தான். "சின்னப் பிள்ளை மாதிரி" என்று வீட்டில் சொல்கிறார்கள். இது அவ்வளவு தவறா?

பதில்: தவறே இல்லை ஐயா. நானும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். சின்னப் பிள்ளை என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள்: தினசரி காமிக்ஸ் காலூன்றியதே பெரியவர்களை நம்பித்தான். 1907-ல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையில், அதுவும் விளையாட்டுப் பக்கத்தில், பட் ஃபிஷர் என்ற ஓவியர் குதிரைப் பந்தயமே கதியென்று கிடக்கும் மட் என்ற ஆளை வரைய ஆரம்பித்தார். இன்றைக்கு மட் ஒரு குதிரைமேல் பணம் கட்டுவான், அது ஜெயித்ததா தோற்றதா என்று தெரிய நாளைய பேப்பர் வரவேண்டும். மறுவருடம் ஜெஃப் வந்து சேர்ந்தான், இரண்டு பேருமாகப் பல பத்தாண்டுகள் ஓடினார்கள். ஆக, நாளுக்கு ஒரு வரிசைப் படம், மறுநாளும் தேடி வரும் வாசகர் என்ற பழக்கத்தை வெற்றிகரமாக நிலைநாட்டிய தொடர் குதிரைப் பந்தயம் பார்க்கிற பெரிய மனிதர்களுக்காக வரையப்பட்டது.

கேள்வி: நாலு கட்டம், பத்துப் பதினைந்து வார்த்தை. அதில் எப்படி நாள் முழுக்க நினைத்துச் சிரிக்க வைக்கிறார்கள்?

பதில்: இதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், ஏனென்றால் எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கணக்குதான். சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த பீனட்ஸ் என்ற தொடரின் முதல் நாள் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 1950 அக்டோபர் 2, அன்றைக்கு அது வந்தது மொத்தம் 7 பத்திரிகைகளில். ஒரு பையனும் ஒரு சிறுமியும் நடைபாதை ஓரம் உட்கார்ந்திருக்கிறார்கள், தூரத்தில் தொடரின் நாயகன் சார்லி பிரவுன் வருகிறான், "அதோ சார்லி பிரவுன் வருகிறான்" என்கிறான் அந்தப் பையன். அவர்களைத் தாண்டிப் போகும்போதும் நல்ல பிள்ளை என்கிற தொனியில் அவன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைசிக் கட்டத்தில் சார்லி பிரவுன் போய்விட்டான், இந்தப் பையனின் முகம் மாறியிருக்கிறது, அவனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது என்கிறான். முதல் மூன்று கட்டங்களில் ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை, சொன்னதையே திரும்பச் சொல்கிறான், ஆனால் அவைதான் நம்மை ஒரு தாளத்தில் நடக்கவிட்டு நாலாவதில் சட்டென்று நிறுத்துகின்றன. அதில் ஒரு கட்டத்தை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், படம் விழுந்துவிடும்.

பேச்சே இல்லாத கட்டம் இன்னும் அருமை. இரண்டாவது கட்டத்தில் ஒருத்தர் ஏதோ சொல்லியிருப்பார், மூன்றாவதில் இரண்டு பேரும் சும்மா நிற்பார்கள், பேச்சை எழுதும் பலூன் கிடையாது. அந்த இடைவெளியில் யோசிப்பது அவர்கள் மட்டுமில்லை, நாமும்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பீனட்ஸின் நாலு கட்டமும் ஒரே அளவில் இருந்ததற்குக் காரணம் கலை மட்டும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் அதைப் படுக்கையாகவோ, செங்குத்தாகவோ, இரண்டுக்கு இரண்டாகவோ, எங்கே இடம் கிடக்கிறதோ அங்கே போட்டுக்கொள்ளலாம் என்றுதான் அது விற்கப்பட்டது. அந்த நெருக்கடிக்குள் உட்கார்ந்து ஷுல்ஸ் ஏறத்தாழ 50 வருடங்களில் 17,897 படங்கள் வரைந்தார். உதவியாளர் வைத்து வரையவில்லை. 1997-ல் தன் 75-வது பிறந்தநாளை ஒட்டி ஐந்து வாரம் ஓய்வெடுத்தார், அவ்வளவுதான். 2000 பிப்ரவரி 12 இரவு காலமானார், அவருடைய கடைசி ஞாயிற்றுக்கிழமைப் படம் மறுநாள் காலைப் பேப்பரில் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கேள்வி: ஒருநாள் பேப்பர் வராவிட்டால் செய்தியைக்கூட டிவியில் பார்த்துக்கொள்கிறேன், காமிக்ஸ் போனதுதான் மனசை அரிக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: 1945 ஜூலையில் நியூயார்க்கில் பேப்பர் விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நகர மேயர் ஃபியோரெல்லோ லகார்டியாவே ரேடியோவில் உட்கார்ந்து, குழந்தைகளைக் கூப்பிட்டு, காமிக்ஸைக் கட்டம் கட்டமாக நடித்துப் படித்துக் காட்டினார். ஒரு பெருநகரத்தின் மேயருக்கே அது விட்டுப்போகக் கூடாத விஷயமாகப் பட்டிருக்கிறது. நீங்கள் வருத்தப்படுவதில் என்ன ஆச்சரியம்?

கேள்வி: சாகசத் தொடர்களில் தினமும் முதல் கட்டத்தில் நேற்றைய கதையையே சொல்கிறார்களே, அலுக்காதா?

பதில்: சேர்த்துப் படித்தால் அலுக்கும். ஆனால் அது நேற்றைய பேப்பரைத் தவறவிட்டவருக்காக வைத்த கட்டம். முதல் கட்டம் நேற்றை நினைவூட்ட வேண்டும், கடைசிக் கட்டம் நாளைக்கு இழுக்க வேண்டும், கதை நகர நடுவில் ஒன்றோ இரண்டோதான் மிச்சம். 1936 பிப்ரவரியில் லீ ஃபாக் தொடங்கிய ஃபேண்டம் அப்படித்தான் ஓடியது. அதில் வார நாட்களுக்கு ஒரு கதை, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு கதை. ஞாயிறு மட்டும் பேப்பர் வாங்குகிறவர் பாதியில் திண்டாடக் கூடாது இல்லையா! நமக்குக் கன்னித்தீவு தெரியும், 1960-ல் தினத்தந்தியில் தொடங்கியது, இழுத்துக்கொண்டே போகும் எதையும் "கன்னித்தீவு மாதிரி" என்று சொல்லும் அளவுக்கு நம் பேச்சிலேயே கலந்துவிட்டது. ஒரு நாளுக்குச் சில கட்டங்கள் என்பது எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேள்வி: காமிக்ஸில் ஏன் யாருக்கும் வயதாவதில்லை?

பதில்: சிலருக்கு ஆகிறது. ஃபிராங்க் கிங் வரைந்த கேஸொலின் ஆலி என்ற தொடரில் 1921 பிப்ரவரி 14 அன்று ஒரு பிரம்மச்சாரியின் வீட்டு வாசலில் ஒரு குழந்தை கிடக்கும். அந்தக் குழந்தை வாசகர்களோடு சேர்ந்தே வளர்ந்து, இரண்டாம் உலகப் போருக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டான். சொந்தப் பையன் வளர்வதைப் பார்ப்பது போலத்தான் அதைப் படித்திருப்பார்கள். மற்றபடி வயதாகாமல் இருப்பதும் எனக்குச் சம்மதமே.

கேள்வி: இப்போது முழுத் தொகுப்பும் புத்தகமாகக் கிடைக்கிறது. ஒரே மூச்சில் படிக்கலாமா?

பதில்: படிக்கலாம், ஆனால் நான் படிப்பதில்லை. பில் வாட்டர்சனின் கால்வின் அண்ட் ஹாப்ஸ் 1985 நவம்பரிலிருந்து 1995 டிசம்பர் 31 வரை, நடுவில் இரண்டு நீண்ட விடுப்புகளோடு, பத்து வருடம் வந்தது. பத்து வருடத்தை ஒரு வாரத்தில் முடித்தால் முப்பதாவது பக்கத்திலேயே சிரிப்பு மரத்துப்போகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி இருக்கும் என்று நம்பித்தானே அவர் வரைந்தார். தினம் ஒரு பக்கம் போதும். ஞாயிற்றுக்கிழமைப் படங்களை மட்டும் நிதானமாகப் பாருங்கள்: அதுவரை மேல் வரிசையைப் பத்திரிகைகள் இடத்துக்காக வெட்டிவிடும் வழக்கம் இருந்தது, அவர் பிடிவாதமாக நின்று, வெட்ட முடியாத முழு இடத்தை வாங்கினார். அதற்குப் பிறகு வந்த படங்களில் கட்டங்கள் எப்படி விரிகின்றன என்று பாருங்கள்.

கேள்வி: இருபது வருடமாக வெட்டி ஒட்டிவைத்த நோட்டுகள் இருக்கின்றன. எல்லாம் பழுப்பேறிவிட்டது. போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம்! பில் பிளாக்பியர்ட் என்ற அமெரிக்கர், நூலகங்கள் மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சின்னதாகப் படமெடுத்து வைக்கும் ஃபிலிம்) எடுத்துவிட்டோம் என்று தூக்கிப்போட்ட பழைய பேப்பர்களைத் தன் வீட்டில் வாங்கி அடுக்கினார். அந்த மைக்ரோஃபிலிம் கறுப்பு வெள்ளை, காமிக்ஸின் வண்ணமெல்லாம் அதில் போய்விட்டது. 1998-ல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அவர் சேகரிப்பை வாங்கியபோது எடை 75 டன்.

பேப்பர் மரக்கூழில் செய்தது, வெளிச்சம் பட்டால் சீக்கிரம் பழுக்கும். வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள், செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை கறையாகிவிடும். முடிந்தால் ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஓரத்தில் பேப்பரின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிவிடுங்கள், நினைவிருக்கும்வரை.