விழுந்தவன் விழுந்த இடத்தில்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நானும் என் கல்லூரி நண்பனும் நான்கு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் சிற்றுருவப் போர் விளையாட்டு ஆடிவருகிறோம். மேசைமேல் துணி விரித்து, குன்றும் ஓடையும் அமைத்து, விரல்கணு அளவே உள்ள வீரர்களை அளவுநாடா வைத்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம். நாங்கள் ஆடுவது தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்கள்மேல் ஆங்கிலேயர் தொடுத்த 1879ஆம் ஆண்டின் ஆங்கிலேய-ஜூலு போர். அவன் எப்போதும் ஆங்கிலேயரின் செஞ்சட்டைப் படையை எடுத்துக்கொள்வான். ஜூலுப் படை எனக்கு. சென்ற மாதம் அந்தப் போரின் இசண்டல்வானாச் சண்டையை ஆடினோம், நான் ஜெயித்தேன். "உன் ஆட்கள் அள்ள அள்ளக் குறையாமல் வருகிறார்கள், இதுவும் ஒரு ஜெயமா?" என்றான். வார்த்தை தடித்துவிட்டது. மூன்று வாரமாகப் பேச்சில்லை.

அது கிடக்கட்டும். என் கேள்வி இதுதான். நாமே அந்நிய ஆட்சியில் கிடந்தவர்கள். ஒரு காலனியப் போரை நாம் பொழுதுபோக்காக ஆடுவது தகுமா? விட்டுவிடலாமா? விடாவிட்டால், பொம்மைகளுக்கு 28 மி.மீ. அளவு நல்லதா, 15 மி.மீ. நல்லதா? ஜூலுக் கேடயங்களுக்கு என்ன நிறம் பூசவேண்டும்?

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கித் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். கடிதத்தைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆடலாமா கூடாதா என்று கேட்கிறீர்கள். ஆடுங்கள். ஆளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் என்பதால் அந்த வரலாற்றைக் கையால் தொடக்கூடாது என்றால், அதை யார்தான் தொடுவது? ஆண்டவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டுமா? இந்தக் கேள்வியில் நீங்கள் தூக்கத்தைத் தொலைக்கவேண்டியதில்லை. 28, 15 என்ற கேள்வியும் அப்படித்தான். உங்கள் கண்ணுக்கும் கைக்கும் எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்டுப் போன இடத்தில்தான் என் மனம் நின்றுவிட்டது. "உன் ஆட்கள் அள்ள அள்ளக் குறையாமல் வருகிறார்கள்." உங்கள் நண்பர் சொன்னது முழு உண்மை. கோபத்தில் சொன்னதால் உங்களுக்கு அது கேட்கவில்லை.

நீங்கள் ஆடும் விதி எது என்று எழுதவில்லை. ஆனாலும் ஊகிக்க முடிகிறது. காலனியப் போர் ஆட்டங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. சுடப்பட்ட செஞ்சட்டைக்காரன் மேசையிலிருந்து எடுக்கப்பட்டால் எடுக்கப்பட்டதுதான். ஜூலு வீரனோ சூடானிய வீரனோ வீழ்ந்தால், அந்தப் பொம்மையைச் சேர்த்துவைத்து, ஒரு பிரிவு முழுமையானதும் மேசை விளிம்பில் புதிய பிரிவாக இறக்குவார்கள். இருபதாயிரம் பேருக்கு ஏற்றபடி வண்ணம் பூச யாராலும் முடியாது என்ற எளிய காரணத்தால் வந்த ஏற்பாடு அது. சௌகரியத்துக்காக வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சௌகரியம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் ஒவ்வொரு சாவும் கணக்கு. மறுபக்கத்தில் சாவே கிடையாது, வரத்து மட்டும்தான். 1879 ஜனவரி 11 அன்று பஃபலோ ஆற்றைக் கடந்த ஆங்கிலேயத் தளபதி செம்ஸ்ஃபோர்ட் பிரபுவின் படை ஜூலுக்களை எப்படிப் பார்த்ததோ, அப்படியே நீங்களும் உங்கள் படையைப் பார்த்திருக்கிறீர்கள். அதுவும் ஜூலுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு!

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் அதே நாற்காலியில் அதையே செய்தவன்.

எனக்கும் ஒரு நண்பர் இருந்தார் என்று எழுத வந்தேன், இருக்கிறார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு பொம்மைக்கு ஐம்பது பேர் என்று கணக்குப் போட்டார். இசண்டல்வானாவில் ஜூலுக்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர், ஆகவே நானூறு பொம்மைகள். அன்று முகாமில் எஞ்சியிருந்தவர்கள், ஆங்கிலேயரும் அவர்களோடிருந்த ஆப்பிரிக்கத் துணைப்படையினருமாகச் சுமார் 1,700 பேர், ஆகவே முப்பத்து நான்கு. நானூறுக்கும் அவர் ஒருவரே வண்ணம் பூசினார். மூன்று ஆண்டுகள் ஆயின. தூரிகையின் நுனியில் இரண்டே மயிர் மிஞ்சும்படி கத்தரித்துவைத்துக்கொண்டு, மணமான வீரர்கள் தலையில் அணியும் அந்த வளையத்தை மட்டும் தனியாகப் பூசுவார். மூச்சை அடக்கிக்கொண்டு பூசுவார். ஒரு தலைக்கு ஒரு மூச்சு. ஜூலுப் படைப்பிரிவுகள் வயதுவாரியாக அமைந்தவை. ஒரே பருவத்து இளைஞர்கள் ஒரே பிரிவில் சேர்ந்து, சேர்ந்தே வளர்ந்து, அரசன் அனுமதித்த பிறகே மணம் முடிப்பார்கள். அதனால் வளையம் இருந்தால் வயதில் மூத்த பிரிவு, இல்லாவிட்டால் இளசு. "இவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்று சொல்லி ஒவ்வொருவனையும் காயவைப்பார்.

முதல் ஆட்டத்தில் ஜூலுப் படையை எனக்குக் கொடுத்தார். நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நேராக ஓடவிட்டேன். எதிரே மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள். ஒற்றைக் குண்டுத் துப்பாக்கிதான், ஆனால் பின்புறம் தோட்டா நுழைத்துச் சடசடவென்று சுடலாம். முதல் வரிசை விழுந்தது. பொம்மைகளைப் பொறுக்கி என் பக்கத்து விளிம்பில் அடுக்கப் போனேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவன் செத்துவிட்டான்" என்றார். "விழுந்த இடத்திலேயே படுக்கவை."

விதியில் அப்படி இல்லை என்றேன். இந்த மேசையில் அதுதான் விதி என்றார். கோபம் வந்தாலும் தொடர்ந்து ஆடினேன். ஆறாவது சுற்றில் துணிமேல் நூற்று நாற்பது பொம்மைகள் ஒருக்களித்துக் கிடந்தன. அளவுநாடாவை விரிக்க இடமில்லை. உயிரோடு இருப்பவனை நகர்த்த, செத்தவனை விரலால் ஒதுக்கவேண்டியிருந்தது. அந்த ஒதுக்கல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் நின்றுவிட்டது.

நூற்று நாற்பது பொம்மை என்றால் ஏழாயிரம் பேர். உண்மையில் அன்று இறந்த ஜூலுக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்பது வழக்கமான கணிப்பு. இரண்டாயிரம் என்றே கொண்டாலும் நாற்பது பொம்மைதான். நான் மூன்று மடங்குக்கு மேல் கொன்றிருந்தேன், அதுவும் தோற்றுக்கொண்டே.

அடுத்த ஞாயிறு இடம் மாறி உட்கார்ந்தோம். ஜூலுக்களின் போர்முறைக்கு எருதின் கொம்புகள் என்று பெயர். நடுவே மார்பு, இருபுறமும் கொம்புகள், பின்னால் இடுப்பு. அண்ணன் மார்பை முன்னால் கொண்டுவந்து ஓடைப்பள்ளத்தில் படுக்கவைத்துவிட்டார். நான் சுட்டுக்கொண்டே இருந்தேன், பகடை எனக்கு ஒன்றும் தரவில்லை. இடக்கொம்பு, ஆங்கிலேய அதிகாரி டர்ன்ஃபோர்டின் குதிரைவீரர்கள் நின்ற பக்கம் மெல்ல மெல்ல நீண்டது. வலக்கொம்பு மலைக்குப் பின்னால் போனது. மலை என்பது நான்கு தெர்மோகோல் துண்டு ஒட்டிய மேடு, அதன் பின்னால் என்ன நடக்கிறது என்று என் நாற்காலியிலிருந்து தெரியாது. தெரிந்தபோது என் முகாமுக்குப் பின்னால் ஆங்கிலேயரின் இன்னொரு நிலையான ரோர்க்ஸ் டிரிஃப்டுக்குப் போகும் பாதை அடைபட்டுக் கிடந்தது. அவர் இழந்தது இருபத்தாறு பொம்மைகள்.

1879 ஜனவரி 22 அன்று நடந்ததும் ஏறக்குறைய இதுவே. செம்ஸ்ஃபோர்ட் விடியும் முன்பே படையில் பாதியைக் கூட்டிக்கொண்டு ஜூலுக்களைத் தேடி வேறு திசையில் போய்விட்டார். முகாமைச் சுற்றி அரண் எதுவும் எழுப்பவில்லை. அந்த நேரத்தில் இருபதாயிரம் பேர் ஒரு பள்ளத்தாக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். இருபதாயிரம் பேரைப் பேசாமல் உட்காரவைக்க என்ன ஒழுங்கு வேண்டும்! போர் தொடங்கியதும் மார்புப் பகுதி துப்பாக்கிச் சூட்டில் தடைபட்டுத் தரையோடு தரையாகப் படுத்தது. கொம்புகள் வளையும்வரை காத்திருந்தது. ஏன் படுத்தார்கள்? உயிர்மேல் ஆசை இருந்ததால். ஒருவன் போனால் அவனுக்குப் பதில் யாரும் விளிம்பில் இறங்கமாட்டார்கள் என்பது அவர்களை நடத்திய இன்ட்ஷிங்வாயோவுக்குத் தெரியும் என்பதால். உங்கள் விதி அந்த அறிவைத்தான் பறித்துக்கொள்கிறது, தம்பி. சாவு இலவசம் என்றால் தளபதி எதற்கு? அலை போதும். 'அலை அலையாக வந்தார்கள்' என்று வென்றவர்கள் எழுதிவைத்தது அப்படித்தான் நம் மேசைக்கும் வந்து சேர்கிறது.

வென்ற பிறகும் பாருங்கள். கொன்றவன் அப்படியே அடுத்த போருக்குப் போகமுடியாது. அவன்மேல் ரத்தத் தீட்டு இருக்கிறது, சடங்கு செய்து கழித்தாகவேண்டும். காயம்பட்டவர்களையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இறந்த ஒவ்வொருவனுக்கும் ஒரு குடியிருப்பு இருந்தது, மாடுகள் இருந்தன. பிறகு மார்ச் 29 அன்று கம்புலாவில் மறுபடி பேரிழப்பு. ஜூலை 4 அன்று உலுண்டியில் ஆங்கிலேயச் சதுர வியூகத்தின் முன்னால் எல்லாம் முடிந்தது. அள்ள அள்ளக் குறையாத படை ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுமா? ஆகஸ்டில் அரசர் செட்ஷ்வாயோ பிடிபட்டார், அவர் நாடு பதின்மூன்று தலைவர்களுக்குப் பங்கு போடப்பட்டது.

இசண்டல்வானாச் சண்டை நடந்த அதே நாள் மாலை தொடங்கிய ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையில் இறந்த ஆங்கிலேயத் தரப்பினர் பதினேழு பேர், அத்தனை பேருக்கும் பெயர் உண்டு. வீரத்துக்கான உயரிய ஆங்கிலேய விருதான விக்டோரியா சிலுவை பதினொரு பேருக்குத் தரப்பட்டது. எதிரே இறந்த ஜூலுக்கள் 'சில நூறு'. இசண்டல்வானா மலையடியில் ஆங்கிலேயர் புதைந்த இடங்களை வெள்ளையடித்த கற்குவியல்கள் காட்டுகின்றன. ஜூலுக்களுக்கு அங்கே நினைவுச்சின்னம் எழுந்தது 1999இல். வீரத்துக்காக அவர்கள் அணியும் மணிமாலையின் வடிவில் வெண்கலத்தில் செய்தது. நூற்றிருபது ஆண்டுகள்! நம் மொழியில் பரணி பாடியவர்கள் வென்றவனைப் புகழ்ந்து பாடினாலும், தோற்றவன் பெயரையே நூலுக்கு வைத்தார்கள். அப்படிப்பட்ட மொழியில் பிறந்துவிட்டு, இருபது பொம்மையை அள்ளி விளிம்பில் கொட்டி 'புதுப் பிரிவு' என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? எனக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது.

விதியை மாற்றுங்கள். வீழ்ந்தவன் வீழ்ந்தவன்தான். அதற்கு ஈடாக ஜூலுப் பக்கத்துக்கு அவர்களிடம் உண்மையில் இருந்தவற்றைக் கொடுங்கள்: மறைந்திருக்கும் உரிமை, வேகம், எதிரி படை பிரியும்வரை காத்திருக்கும் பொறுமை. பொம்மைகளுக்குப் பதில் வெற்று அட்டைகளை மேசையில் நகர்த்துங்கள், பாதி அட்டைகளின் கீழ் யாருமே இருக்கவேண்டாம். லாரி புரோம் என்பவர் 1979இல் வெளியிட்ட காலனியப் போர் ஆட்ட விதிகளில் சீட்டுக்கட்டைப் புரட்டி, சிவப்பு வந்தால் ஏகாதிபத்தியப் படையும் கறுப்பு வந்தால் உள்ளூர்ப் படையும் நகரும். அடுத்து யார் என்று தெரியாத அந்தத் திணறலே போதும், ஆட்டம் சப்பென்று போகாது.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் பேசவில்லை என்று எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்! காலனியத்தைப் பற்றி எனக்குக் கடிதம் எழுத நேரம் இருக்கிறது, அவர் வீட்டுக் கதவைத் தட்ட நேரமில்லை. ஞாயிறுதோறும் நான்கு மணிநேரம் எதிரே உட்கார்ந்து, தோற்றாலும் பொம்மைகளைச் சேர்ந்து பெட்டியில் அடுக்கிவைத்துவிட்டுப் போகிற ஒரு மனிதர் வாழ்க்கையில் எத்தனை பேருக்குக் கிடைப்பார்? நானும் அண்ணனும் ஒருமுறை ஒரு அங்குலத்துக்காகப் பதினொரு மாதம் பேசாமல் இருந்தோம். துப்பாக்கி வீச்சு எட்டியதா இல்லையா என்ற தகராறு. அந்தப் பதினொரு மாதத்தில்தான் அவருக்குக் கண்ணில் கோளாறு தொடங்கியிருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் திரும்பப் போனபோது அவர் தூரிகையை எடுத்துவைத்துவிட்டிருந்தார். நானூறாவது பொம்மைக்கு வளையம் பூசப்படாமலே இருந்தது. போய்ப் பேசுங்கள். அடுத்த ஆட்டத்தில் செஞ்சட்டையை நீங்கள் எடுங்கள், ஜூலுவை அவரிடம் கொடுங்கள்.

கேடயத்தைக் கேட்டிருந்தீர்கள். கேடயங்கள் அரசனின் சொத்து, படைவீடுகளில் வைத்திருந்து வழங்கப்பட்டவை. பொதுவாக இளைஞர் பிரிவுகளுக்குக் கறுப்பும் அடர்நிறமும், மணமான மூத்த பிரிவுகளுக்கு வெண்மை கூடியவை. 1879 வாக்கில் அது முன்போல் கறாராக இல்லை, ஆகவே ஒரே பிரிவில் சற்றுக் கலந்து பூசினாலும் தவறில்லை. மாட்டுத்தோல் என்பதை மறக்காதீர்கள். புள்ளிகளுக்கு ஓரம் கூர்மையாக இருக்காது.

பெட்டியில் அந்த நானூறு பேரும் இருக்கிறார்கள். அண்ணன் தன் மகள் வீட்டுக்கு வெகுதூரம் போய்விட்டார். போகும்போது பெட்டியை என்னிடம் தந்து, "செத்த பிறகு இவர்களை நடக்கவைக்காதவன் யாராவது கிடைத்தால் கொடு" என்றார். நேற்று தொலைபேசியில் உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கொடுக்கச் சொல்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் தருவேன். கடைசிப் பொம்மையின் வளையத்தை உங்கள் நண்பர் பூசட்டும்.

அன்புடன்.