ஏஐ ஏஜென்ட்டின் நீண்டகால நினைவை எப்படிச் சேமித்தால் தேடி எடுக்க முடியும்?

உரையாடல்களை அப்படியே வெக்டர் தரவுத்தளத்தில் (உரையின் பொருளை எண்வரிசையாக மாற்றிவைத்து, பொருள் ஒத்தவற்றைத் தேடித் தரும் தரவுத்தளம்) கொட்டிவைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

என்ன சேமிக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு வரிக்கு ஒரு தகவல்: யாரைப் பற்றியது, எந்தப் பண்பு, மதிப்பு என்ன, எந்தச் செய்தியிலிருந்து வந்தது, எப்போது முதல் எப்போது வரை செல்லும். பயனர் "வாராந்திரக் கூட்டம் இனி வியாழக்கிழமை" என்று சொன்னால், திங்கள் என்றிருக்கும் பழைய வரியை அழிக்காதீர்கள். அதன் முடிவுத் தேதியை நிரப்பிவிட்டுப் புதிய வரியைச் சேர்த்துவிடுங்கள். முடிவுத் தேதி இல்லையென்றால் முரண்பட்ட இரண்டு பதில்களும் ஒருசேர ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலிடம் போகும். அது எதைத்தான் நம்பும்?

பண்புப் பெயர்களை முன்கூட்டியே வரையறுத்துவிடுங்கள். மாடலின் போக்குக்கு விட்டால் "ஊர்", "வசிப்பிடம்", "இருப்பிடம்" என்று ஒரே தகவல் மூன்றாகச் சிதறிவிடும்.

தேடலுக்கு வருவோம். வெக்டர் தேடல் பொருள் ஒற்றுமையை நன்றாகப் பிடிக்கும். ஆனால் 4012, 4021 என்ற இரண்டு பிழைக் குறியீடுகளை எளிதில் குழப்பிவிடும். பெயர், எண் போன்றவற்றுக்குச் சொல்லுக்குச் சொல் பொருத்தும் முழு உரைத் தேடலும் வேண்டும். இரண்டு தேடல்களையும் ஓட்டி, முடிவுகளைத் தரவரிசைப்படி ஒன்றாக இணைத்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) தரவுத்தளத்தில், வெக்டர் தேடலைத் தரும் பிஜிவெக்டர் (pgvector) நீட்சியைச் சேர்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

மூல உரையாடலையும் தனியே வைத்திருங்கள். தகவல்களை வரிகளாகப் பிரித்தெடுக்கும்போது விடுபட்டதை அதிலிருந்துதான் மீட்க முடியும்.