பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளை அரசு வேறு குடும்பங்களில் வளர்க்கும் ஃபாஸ்டர் கேரில் வளர்ந்து வீதிக்கு வந்த இளைஞர்கள் போதைப் பழக்கத்தால்தானே வீடிழக்கிறார்கள்?

உங்கள் கேள்வி மனத்தை வருத்தியது. உங்களுக்குத் தெரிந்த பிள்ளை ஒருவரை நினைத்தே கேட்டிருப்பீர்கள் என்று எண்ணிப் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. அமெரிக்காவில் வீடற்ற இளைஞர்களுக்கான இரவுத் தங்குமிடம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் தன்னார்வலராகப் பணியாற்றியவன்.

அங்கு வந்த பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், காலணிகளைக் கழற்றி, அவற்றின் கயிறுகளை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்ட பிறகே படுப்பான். ஏழு வயது முதல் பதினோரு வீடுகளில் வளர்ந்தவன். ஒவ்வொரு முறையும் அவனுடைய துணிமணிகள் கறுப்புக் குப்பைப் பையில்தான் அடுத்த வீட்டுக்குப் போயின. 18 வயது நிறைந்ததும் பராமரிப்பு முடிந்துவிட்டது. சில வாரங்கள் நண்பர்களின் வீட்டு சோபாவில் கழிந்தன. பிறகு பேருந்து நிலையம். மூன்றாம் இரவே பையும் காலணியும் களவு போயின. தூங்கினால்தானே திருடுவார்கள் என்று சொல்லி, உடன் படுத்திருந்த ஒருவர் தூக்கத்தை விரட்டும் மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளைக் கொடுத்தார். அவன் பழக்கம் அங்கே தொடங்கியது. அவன் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன் என்று சிலர் கருதலாம். ஆனால் விழித்திருப்பதற்காகத் தொட்டேன் என்பதை வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். வீட்டிலிருந்தபோதே போதைக்கு ஆட்பட்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை.

இல்லினாய், அயோவா, விஸ்கான்சின் மாநிலங்களில் பராமரிப்பிலிருந்து வெளியேறிய இளைஞர்களை 2002 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 26 வயதுக்குள் 31 முதல் 46 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் வீடற்று இருந்தது தெரியவந்தது. பராமரிப்பை 21 வயது வரை நீட்டிக்க 2008ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டரசின் நிதிக்கு வழி செய்தது; ஆனால் நீட்டிப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

என் உள்ளத்தில் இன்னும் ஆறாதது வேறொன்று. போதையில் வருபவருக்குப் படுக்கை இல்லை என்பது எங்கள் தங்குமிடத்தின் விதி. அதன்படி ஒரு குளிரிரவில் அந்த இளைஞனை வாசலிலேயே திருப்பி அனுப்பியவன் நான்தான். மற்றவர்களின் பாதுகாப்புக்கு அந்த விதி தேவை என்பவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும், உறங்க இடமின்றி விழித்திருக்கப் போதையை நாடியவனிடம், அதை விட்டால்தான் இடம் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? சிகிச்சை மையத்திலோ அடையாள அட்டை கேட்டார்கள்; அதைப் பெறப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழைப் பெற அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். இந்த அலைச்சலில் ஏழு வாரங்கள் போயின.

1992இல் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு திட்டம், போதையை விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையின்றி முதலில் வீட்டைக் கொடுத்தது. அதே வழியில் நடக்கும் வேறொரு திட்டத்தில்தான் பின்னர் அவனுக்கு அறை கிடைத்தது. இரண்டு மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது காலணிகள் கதவோரம் கிடந்தன. போதையை அவன் முற்றிலும் விடவில்லை. குறைத்திருந்தான், வாரம் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்கத் தானாகவே போய்க்கொண்டிருந்தான்.