கடல் பார்த்துச் சாப்பிட ஆசை, சாப்பாட்டைத்தான் நம்ப முடியவில்லை: என்ன செய்யலாம்?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மே மாதம் அப்பா அம்மாவுக்கு 40-வது திருமண நாள். ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி, கடலைப் பார்த்தபடி உட்காரும் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போக ஆசை. அப்பாவுக்குக் கடல் என்றால் உயிர். ஆனால் போன தடவை அங்கே சங்கரா வறுவல் அருமையாக இருந்தது, பிரியாணியை வாயில் வைக்க முடியவில்லை, இறால் ரப்பர் மாதிரி இருந்தது. அதற்கு முந்தைய தடவை வஞ்சிரத்தில் வாடை. எட்டுப் பேர் போகிறோம், அம்மா சைவம். வேறு இடம் பார்க்கட்டுமா?"

வேண்டாம், அங்கேயே போங்கள். அப்பாவுக்கு வேண்டிய கடல் அங்கே இருக்கிறது. சாப்பாடு ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் அமைவது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. எந்த நேரத்தில் போகிறோம், எந்த மீனைக் கேட்கிறோம், அதை எப்படிச் சமைக்கச் சொல்கிறோம் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. இந்த மூன்றும் உங்கள் கையில் உள்ளவை.

முதலில் மே மாதம் என்பதைக் கவனியுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடல் மீன் சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வருவது ஏறக்குறைய நின்றுவிடும். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது என்பதால், மே மாதத்தில் சென்னையில் தட்டுக்கு வரும் பெரிய வஞ்சிரத் துண்டு பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து ஐஸில் வந்ததாகவோ, முன்பே உறையவைத்ததாகவோ இருக்கும். உறைந்த மீன் என்றாலே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். பிடித்தவுடன் உறையவைத்து, மைனஸ் 18 டிகிரியில் ஒரே சீராக வைத்திருந்தால் நல்ல மீன்தான். சனி, ஞாயிறு கூட்டத்தை நம்பி வெளியே எடுத்து இளகவிட்டு, விற்காததைத் திரும்ப உள்ளே வைப்பதில்தான் கெடுகிறது. வார நாட்களில் பாதி மேசை காலியாகக் கிடக்கும் கடலோர உணவகங்களுக்கு இந்தச் சோதனை அதிகம். நீங்கள் சொல்லும் வஞ்சிர வாடைக்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

தடைக்காலத்திலும் கரையோரத்து ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகும். நெத்திலி, சங்கரா, கவலை, நண்டு என்று சிறியதும் நடுத்தரமுமாகக் கொண்டுவரும். கோவளம், மாமல்லபுரம் பக்கத்து உணவகத்துக்கு இவை சில கிலோமீட்டர் தூரத்துப் பொருள். மே மாதத்தில் அந்த மேசையில் கேட்க வேண்டியது நெத்திலி வறுவலும் முழுச் சங்கராவும்தான், வஞ்சிரம் அல்ல. காலை பதினொரு மணி வாக்கில் போன் செய்து "இன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது?" என்று கேளுங்கள். "எல்லாமே இருக்கு" என்று பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். "சங்கராவும் நெத்திலியும் வந்திருக்கு, வவ்வால் இல்லை" என்று சொல்பவரை நம்பலாம். அப்போதே உங்களுக்கான மீனை எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.

போனதும் மீனைக் காட்டச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை குழிந்து நிற்காமல் திரும்பி எழ வேண்டும். வெட்டிய துண்டில் இதையெல்லாம் பார்க்க முடியாது. முழு மீன் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். மெனுவில் வெறுமனே 'ஃபிஷ் ஃபிங்கர்', 'ஃபிஷ் டிக்கா' என்று இருப்பவை பல இடங்களில் பாசா என்கிற வளர்ப்பு நன்னீர் மீன். கடல் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுவானேன்?

வயதானவர்கள் வருவதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் சரியான குளிரில் இல்லாவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, மசாலா மறைத்துவிடும். சாப்பிடும்போது நாக்கில் மிளகு கடித்ததுபோல வழக்கத்துக்கு மாறான சுருக்கென்ற உணர்வு வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். சற்று நேரத்தில் முகம் சிவப்பது, தலைவலி, அரிப்பு ஆகியவை வரலாம். பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர் என்றால், அல்லது மூச்சு வாங்கினால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்து நேரம். நம்முடையது கிழக்குக் கடல். சூரியன் முதுகுப் பக்கம் மறையும். ஏழு மணிக்கெல்லாம் கடல் இருட்டிவிடும். எட்டு மணிக்கு மேசை பிடித்தால் அப்பாவுக்கு அலைச் சத்தம்தான் மிஞ்சும். மே மாத மதிய வெயிலோ பெரியவர்களுக்கு ஆகாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போய்விடுங்கள். இரவுக் கூட்டம் வருவதற்குள் உங்கள் ஆர்டர் அடுப்பில் இருக்கும். பல இடங்களில் மதியத்துக்குப் பின் சமையலறையை மூடிவிடுவார்கள், அதை மட்டும் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்று நிலா கடலிலிருந்து எழுவதைப் பார்க்க வாய்த்தால் அதைவிட நல்ல பரிசு இல்லை. அன்றைக்கு நண்டு மட்டும் வேண்டாம், பௌர்ணமி நண்டில் சதை இருக்காது என்பது மீனவர் வாக்கு.

மாலை நேரம் என்பதால் பிரியாணியைத் தவிருங்கள். மதியம் தம் போட்டதன் மீதியைச் சூடுபடுத்தித் தருவார்கள், அல்லது சோற்றையும் மசாலாவையும் அவசரமாகக் கிளறித் தருவார்கள். இறாலுக்குத் தடைக்காலம் பிரச்சினை இல்லை, பெரும்பாலும் பண்ணையில் வளரும் வனாமி வகை இறால்தான். முன்பே வேகவைத்து எடுத்து வைத்ததை கிரேவியில் மறுபடி வேகவிடுவதால் ரப்பராகிறது. ஓட்டோடு தவாவில் வறுத்துத் தரச் சொல்லுங்கள், அதை முன்கூட்டிச் செய்துவைப்பது கடினம்.

கடற்காற்றும் கணக்கில் வர வேண்டும். மணல் பக்கத்து மேசைக்கும் சமையலறைக்கும் தூரம் அதிகம். ஈரக் காற்றில் மொறுமொறுப்பு சில நிமிடங்களில் போய்விடும். அதனால் வறுவலை எட்டுப் பேருக்கும் மொத்தமாகச் சொல்லாமல் இரண்டு இரண்டு தட்டாக வரவழையுங்கள். வயிறு நிறைய மீன் குழம்பும் வெள்ளைச் சோறும் போதும். சட்டியில் வரும் குழம்பு சூடு தாங்கும். மெனுவில் இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள், ஊழியர்களுக்கென்று வைத்த குழம்பு பல இடங்களில் மெனுவில் உள்ளதைவிட நன்றாக இருக்கும்.

அம்மாவை பன்னீர் பட்டர் மசாலாவோடு விட்டுவிடாதீர்கள், விழா அவருடையதும்தானே. ரசம், பருப்பு, ஒரு பொரியல், தயிர் என்று முந்தின நாளே சொல்லிவைத்தால் பெரும்பாலும் செய்து தருவார்கள். அப்பளமோ உருளைக்கிழங்கோ பொரித்தால் மீன் பொரித்த எண்ணெய் வேண்டாம், தனி வாணலி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'அன்றைய விலை' என்று போட்டிருக்கும் மீனுக்கு, சமைப்பதற்கு முன்பே எடையையும் மொத்த விலையையும் கேட்டு, சுத்தம் செய்வதற்கு முந்தைய எடையா பிந்தையதா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லலாம். 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்கிறது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நன்றாகப் பரிமாறிய தம்பிக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.