கீமோ நடக்கும் பாப்பாவுக்கு ராத்திரியில் காய்ச்சல் வந்தால்…

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி மூன்று மாதமாகச் சென்னையில் கீமோ நடக்கிறது. ஊசி முடிந்ததும் சிவகங்கை பக்கம் எங்கள் ஊருக்கு வந்துவிடுவோம். போன வாரம் ராத்திரி அவளுக்கு உடம்பு சுட்டது. மாமியார் பாரசிட்டமால் கொடுத்துப் படுக்கவைக்கச் சொன்னார். விடிந்துதான் கூட்டிப்போனோம். டாக்டர் கோபப்பட்டார். முதல் மாதம் நடுராத்திரியில் எழுந்து பருப்புச் சாதம் கேட்டவள், இப்போது இட்லியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறாள். “அண்ணனை அடிச்சேன்ல, அதான் எனக்கு ஊசியா?” என்கிறாள். எட்டு வயது அண்ணனோ “எனக்கும் காய்ச்சல் வரணும்” என்கிறான். பார்க்க வருகிறவர்களைத் தடுத்தால் மாமியாருக்கு வருத்தம். நான் கறாராக இருக்கிறேனா, செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேனா, எனக்கே தெரியவில்லை.
– ஒரு தாய், சிவகங்கை மாவட்டம்

பதில்: இரண்டுமே வேண்டும் அம்மா. எதில் கறார், எதில் செல்லம் என்பதுதான் கேள்வி. காய்ச்சல், மாத்திரை, வீட்டுக்கு வரும் கூட்டம், இந்த மூன்றில் யார் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாப்பாடு, தூக்கம், பிடிவாதம், செல்போன் எல்லாவற்றிலும் கொஞ்சம் கண்டும் காணாமல் இருங்கள்.

முதலில் காய்ச்சல். கீமோ மருந்து நோய்ச் செல்களோடு நல்ல வெள்ளை அணுக்களையும் அழிக்கிறது. பொதுவாக மருந்து ஏறிய ஒன்றிரண்டு வாரத்தில் ‘கவுன்ட்’, அதாவது அந்த அணுக்களின் எண்ணிக்கை, அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் கிருமி நுழைந்தால் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் பாரசிட்டமால் மறைத்துவிடும். பிள்ளை வியர்த்துத் தூங்குவதைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம், உள்ளே கிருமி ரத்தத்தில் பரவிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிப் போய்விடலாம். உங்கள் டாக்டரின் கோபத்துக்குக் காரணம் இதுதான்.

டிஜிட்டல் தர்மாமீட்டரில் 100.4 டிகிரி காட்டினால் உடனே கிளம்ப வேண்டும் என்பதுதான் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளின் கணக்கு. உங்கள் வார்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலே இல்லாமல் பிள்ளை நடுங்கினாலும், துவண்டு கிடந்தாலும் அதே அவசரம்தான். ஆசனவாயில் வைக்கும் மருந்தோ தர்மாமீட்டரோ கூடாது. டாக்டரைக் கேட்காமல் புரூஃபென், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். ரத்தம் கசிய விடும் மருந்துகள் அவை.

ஆனால் உங்கள் ஊரிலிருந்து சென்னை ஒரு ராத்திரிப் பயணம். அங்கே போய்த்தான் மருந்து என்று இருக்கவே முடியாது. அடுத்த தடவை போகும்போது வார்டு டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள்: குழந்தையின் நோய், கடைசி கீமோ தேதி, காய்ச்சல் வந்தால் என்ன ரத்தப் பரிசோதனை, எந்த ஆன்டிபயாட்டிக், எவ்வளவு, யாருக்குப் போன் செய்ய வேண்டும். சிவகங்கையிலோ மதுரையிலோ எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதையும் அவர்களிடமே கேட்டு, பகலில் ஒரு தடவை நேரில் போய்ப் பேசி வைத்துவிடுங்கள். கடிதத்தையும் கடைசி ரத்த ரிப்போர்ட்டையும் ஒரு பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவிடுங்கள். ராத்திரி அவசரப் பிரிவில் நுழைந்ததும் “கீமோ எடுக்கிற பிள்ளை, காய்ச்சல்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சீட்டு போட்டு வரிசையில் உட்காராதீர்கள்.

மாமியாரை எதிர்த்தரப்பு ஆக்காமல் காவலுக்குப் போடுங்கள். வருகிறவர்களுக்குச் சளி, காய்ச்சல் உண்டா என்று கேட்பதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பதும் அவர் பொறுப்பு. “டாக்டர் சொல்லிட்டாங்க, ஜன்னல் வழியாப் பாத்துட்டுப் போங்க” என்று வீட்டுப் பெரியவர் சொன்னால் யாருக்கும் மனசு சுணங்காது. நீங்கள் சொன்னால் ஊரே பேசும்.

அவர் கஷாயம் போடக் கிளம்பினால் ஒன்று சொல்லுங்கள். பாப்பாவுக்கு ஏற்றும் வின்கிரிஸ்டின் மருந்தின் மூலம், நம் வாசலில் பூக்கும் நித்யகல்யாணிச் செடி. ஆனால் மில்லிகிராம் கணக்குப் பார்த்து ஏற்றுகிற மருந்து அது. அளவு தப்பினால் விஷம். செடியைக் காய்ச்சிக் குடிக்கவைக்கிற விஷயமே இல்லை. வேறு எந்த நாட்டு மருந்தானாலும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டாம். இந்த வின்கிரிஸ்டின் மலச்சிக்கலும் தரும், சில பிள்ளைகளுக்குப் பாதம் தொய்ந்து நடை மாறும். இரண்டு நாள் வெளிக்குப் போகவில்லை என்றாலோ, தடுக்கித் தடுக்கி விழுந்தாலோ சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் மல்லுக்கட்டாதீர்கள். முதல் மாதப் பசி ஸ்டீராய்டு கொடுத்த பசி, அது போய்விட்டது. இப்போது வாயில் ருசியே மாறியிருக்கும், புண்ணும் இருக்கலாம். உள்ளங்கை அளவு, அடிக்கடி, அதிகச் சூடில்லாமல், காரமில்லாமல் கொடுங்கள். அப்போதைக்கப்போது சமைத்தது போதும், கடைப்பண்டம் வேண்டாம். அவளுக்கு ரொம்பப் பிடித்த பதார்த்தத்தைக் கீமோ அன்று கொடுக்காதீர்கள். வாந்தி எடுத்துவிட்டால் அந்த வாசனையும் வாந்தியும் மனதில் ஒட்டிக்கொண்டு, அப்புறம் அதையே தொட மாட்டாள். இட்லிக்கும் அப்படி ஏதாவது நடந்திருக்கலாம். தண்ணீரும் இறங்கவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி “அண்ணனை அடிச்சேன்ல” என்பதுதான். நாலு வயசில் எல்லாமே தன்னால்தான் நடக்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பல வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான், மண் தின்றதால் வந்தது என்று நம்பிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். “நீ அடிச்சதால வரல, நீ நினைச்சதால வரல, யாராலயும் வரல. உன் ரத்தத்துல சில செல் சரியா வேலை செய்யல, அதுக்குத்தான் மருந்து” என்று சொல்லுங்கள். மறுபடி கேட்பாள், மறுபடி அதையே சொல்லுங்கள். ஊசி வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள். “வலிக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும், அம்மா மடியிலயே இருப்பே” என்றால் அடுத்த தடவையும் உங்களை நம்புவாள். எந்தக் கை என்று அவள் சொல்லட்டும், போடலாமா வேண்டாமா என்று கேட்காதீர்கள். “சாப்பிடலேன்னா ஊசி போடச் சொல்வேன்” என்று வீட்டில் யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

அண்ணனுக்கு வேண்டியது காய்ச்சல் இல்லை, அம்மா. இது ஒட்டாத நோய் என்று அவனிடம் சொல்லிவிட்டு, தினமும் அவனோடு மட்டும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவன் வகுப்பு டீச்சரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் அன்றைக்கே உங்களுக்குத் தெரிய வேண்டும். பாப்பாவுக்கு அம்மை தொற்றினால் ஆபத்து. தடுக்கிற மருந்தை முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன்.

மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை. மொத்தச் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருஷம் ஓடும், அதில் பெரும்பகுதி வீட்டில் ராத்திரி விழுங்கும் மாத்திரைதான். நூறு வேளையில் ஐந்துக்கு மேல் தவறினாலே நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முடி முளைத்து, பிள்ளை ஓடியாடும்போதுதான் வீட்டில் அசட்டை வரும். காலண்டரில் தினமும் ஒரு கோடு போடுங்கள், அண்ணன் கையாலேயே.

கடைசியில் ரயில் செலவு என்று ஒரு வரி எழுதி அடித்திருந்தீர்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் வார்டு சமூகப் பணியாளரிடம் காட்டுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் கட்டணமே இல்லை, கூட வரும் ஒருவருக்கு முக்கால் பங்கு சலுகை. ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தில் கையெழுத்து வாங்கி, முன்பதிவு கவுன்டரில் கொடுக்க வேண்டும். அடுத்த தடவைக்கான படிவத்தையும் டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.