கேள்வி - பதில்: யார் பணத்தில் கட்டுகிறார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் மாநிலங்கள் நடத்தும் முன்னாள் ராணுவத்தினர் இல்லங்களைக் கட்ட, புதுப்பிக்க யார் பணம் தருகிறார்கள்?

பதில்: அதிகபட்சம் 65 சதவீதம் மத்திய அரசின் முன்னாள் ராணுவத்தினர் துறை தரும், மிச்சம் 35 மாநிலத்தின் தலையில். சறுக்குவது இந்த 35-இல்தான். ஏப்ரல் 15-க்குள் விண்ணப்பம் போனாலும், ஆகஸ்ட் 1-க்குள் தன் பங்கு கையில் இருப்பதாக மாநிலம் சான்று தராவிட்டால், பணம் ஒதுக்கும் முன்னுரிமைப் பட்டியலின் முதல் வரிசையில் இடம் கிடையாது. அந்த வரிசையிலும் உயிர்ப் பாதுகாப்பு வேலைக்கே முன்னுரிமை: அவசரத்தில் வெளியேறும் வழி, தீத்தடுப்புச் சுவர், தீ அலாரம், ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுவது. புதுப் படுக்கைகள் பிறகுதான். புதுப்பிக்கும் வேலை என்றால் செலவு 4 லட்சம் டாலரைத் தாண்ட வேண்டும். பெயின்ட் அடிக்கவெல்லாம் கை நீட்ட முடியாது! தங்குபவர்களில் முக்கால்வாசிப் பேராவது முன்னாள் ராணுவத்தினராக இருக்க வேண்டும். 20 ஆண்டுக்குள் கட்டடத்தை வேறு வேலைக்குத் திருப்பினால், மத்திய அரசு பணத்தைத் திருப்பிக் கேட்கும்.